நன்றியில் முடியாத சாட்சி

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அலுவலகத்துக்கு எதிரில் எல்லாரும் கூடி நிற்போம். அதை எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அலுவலகக் கணக்கரான கிராணி அங்கே நின்றுதான் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அன்று பிரித்து முடித்த பிறகும் அவர் உள்ளே போகவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல செய்தி வராது என்பது எங்களுக்குத் தெரியும்.

"சோலார் விஷயமா கோலாலம்பூர்லேர்ந்து ஒரு கமிட்டி வருது. நாடாளுமன்றத்துக் கமிட்டி. வைபிங்க, அதான் எம்பிங்க, நேர்ல வந்து பாப்பாங்க. அரசாங்கம் அனுமதி கொடுத்தது சரியா, இங்க இருக்கறவங்களுக்கு வேலை இருக்குமான்னு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்க. தொழிலாளி பக்கத்துலேர்ந்து ஒரு சக்சி வேணுமாம்."

"சக்சின்னா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நம்ம சாட்சிதான். மலாய்ல சக்சிங்கறாங்க."

எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள். அப்போது டிராக்டர் ஓட்டும் என் நண்பன் கையைத் தூக்கினான். அவன் கையைத் தூக்கினால் வேடிக்கைக்குத்தான்.

"அதுக்கு நம்மகிட்ட ஆளு இருக்கே லா. வாராவாரம் சர்ச்சுல சாட்சி சொல்ற ஆளு. இந்த லயத்துல வேதக்காரன் இவன் ஒருத்தன்தான். சாட்சி சொல்றதுன்னா இவங்களுக்கு ரொட்டி சானாய் சாப்பிடற மாதிரி."

சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். புல்லுக்கு அடிக்கும் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டியபோது கை நடுங்கி வார் இரண்டு தரம் நழுவியது.

எங்கள் சபையில் சாட்சி சொல்வதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாட்டு முடிந்ததும் பாஸ்டர், சாட்சி சொல்ல யாராவது வரலாம் என்பார். ஒருவர் எழுந்து முன்னால் போவார். எல்லாருக்கும் ஸ்தோத்திரம் என்று தொடங்குவார். தனக்கு வந்த நோயையோ பிள்ளைக்கு வேலை கிடைக்காததையோ சொல்வார். அழுவார். பிறகு ஆண்டவர் எப்படி அதை மாற்றினார் என்பதைச் சொல்லி, இப்போது ஒரு குறையும் இல்லை, நன்றி என்று முடிப்பார். நாங்கள் ஆமென் என்போம். நன்றி இல்லாமல் முடிந்த சாட்சியை நான் கேட்டதே இல்லை. நானோ ஒரு தரம்கூட எழுந்து போனதில்லை. கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்வேன். யாரும் என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று வேதாகமத்தில் எதையாவது தேடுவதுபோல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

லிங்கி ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் கிழடாகிவிட்டன. மறுபடி நடுவதைவிட நிலத்தைச் சோலார் கம்பெனிக்கு விடுவது லாபம் என்று முதலாளிகள் முடிவு செய்தார்கள். வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் இனி நாட்டின் வழி என்று அரசாங்கமும் அனுமதி கொடுத்துவிட்டது. வெயிலைப் பற்றி எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்கள் கவலை வேறு. இங்கே வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் வங்காளதேசத்து ஆட்கள். அவர்களை வேறு தோட்டத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் சில குடும்பங்கள்தான் மிச்சம். வேலை இருக்கும் வரைதான் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடு. வேலை போனால் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. செம்பனைக் குலை வெட்டி வெட்டித் தோள் தேய்ந்துபோனதால்தான் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வெளியே போய் வேலை கேட்டால் யார் கொடுப்பார்கள்? புதுக் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என் பயம் முழுவதும் அந்த ஒன்றில்தான் இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து மருந்துக் கொட்டகைக்குக் கிராணி வந்தார். அவர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பேசறதுக்கு ஏதாச்சும் யோசிச்சீங்களா?"

"இல்லிங்க கிராணி. வேற யாரையாச்சும் போட்டுருங்களேன்."

"பேரு அனுப்பியாச்சு. மாத்தினா, ஆபீஸ்ல பயமுறுத்திட்டாங்கன்னு ஆயிடும்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வார்த்த நல்லதா சொல்லிட்டு உக்காந்துருங்க. புதுக் கம்பெனிக்கு ஆள் வேணும்னா நம்ம ஆபீஸத்தான் கேப்பாங்க. மெரட்டறேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் அதே பயந்தான்."

"உங்களுக்கு என்னங்க பயம்?"

"செம்பனை இல்லாத தோட்டத்துக்குக் கிராணி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் மிரட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். மிரட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

வீட்டில் என் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் துப்புரவு வேலை செய்கிறாள். அங்கேயே யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"என்னாங்க, உங்கள போய் யாரு சாட்சிக்குப் போட்டது? கல்யாணத்துல என் பேரச் சொல்லச் சொன்னப்பவே உங்களுக்கு மறந்துபோச்சு."

"டிராக்டர்காரன் வெளையாட்டா சொன்னான்."

"அவருக்குத்தான் வாய் இருக்கே, அவரே போகட்டும். நீங்க போயி ஏதாச்சும் தப்பா சொல்லி, வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது? ராசா டவுன்ல எங்கக்கா வீட்டு ஹால்லயா படுக்கறது?"

அவள் கேட்டதையே நண்பனிடம் போய்க் கேட்டேன். டிராக்டரின் நிழலில் உட்கார்ந்து அவன் கால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எனக்கு வாய் இருக்கு. ஆனா சக்கரையும் இருக்கு, முட்டியும் போச்சு. புதுக் கம்பெனி என்னப் பாத்த ஒடனே வேணான்னுடும். நான் பேசினா, வேலை கெடைக்காதவன் வயித்தெரிச்சல்ல பேசறான்னு சொல்வாங்க. நீ பேசினா கேப்பாங்க."

"நான்தான் பேசவே மாட்டேனே."

"அதனாலதான் கேப்பாங்க."

இந்த முறை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தைல பாட்டிலை மூடிக்கொண்டே, "அன்னிக்கு வெளையாட்டாதான் கைய தூக்கினேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா சரியாத்தான் தூக்கியிருக்கேன்" என்றான். அவனைத் திட்ட வேண்டும் என்று போன நான், தைலத்தை வாங்கி அவன் முட்டிக்குத் தேய்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசாவில் இருக்கும் எங்கள் சபைக்குப் போனபோது என் மனைவி பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெபம் பண்ணச் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். அவரோ பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் கடைசி வரிசையைப் பார்த்து, "பிரதர், முன்னால வாங்க. பெரிய எடத்துல பேசப் போறீங்க. முதல்ல நம்ம வீட்டுல பேசுங்க" என்றார்.

நடந்து போனதே எனக்கு ஞாபகம் இல்லை. முன்னால் நின்றதும் தெரிந்த முகங்களெல்லாம் தெரியாத முகங்களாகிவிட்டன. "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பாஸ்டர் என் தோளைத் தொட்டார். வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதோடு நிறுத்தக் கூடாதே. ஆண்டவர் மாற்றியதைச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் எத்தனையோ வருடமாகக் கேட்ட பழக்கம். "இதுவரைக்கும் காத்தாரு, ஒரு குறையும் இல்ல, நன்றி" என்று நாக்கு தானே முடித்துவிட்டது. ஆமென் என்றார்கள். பாஸ்டருக்கு மிகவும் சந்தோஷம். வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது என் மனைவி, "பரவால்லியே, பேசிட்டீங்களே. அங்கயும் இதயே சொல்லிட்டு வந்துருங்க. யாருக்கும் பொல்லாப்பு இல்ல" என்றாள். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது.

கமிட்டி வந்த நாளில் தோட்டத்து மண்டபத்தை அடையாளமே தெரியவில்லை. மேசைகளை வளைத்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் ஒலிவாங்கி. பொத்தானை அழுத்தினால் அதன் நுனியில் சிவப்பு விளக்கு எரியும். சொல்வதையெல்லாம் அது பதிவு செய்துகொள்ளும் என்றார்கள். ஓட்டுப் போடும் காலத்தில் மட்டுமே வைபிகளைப் பார்த்தவன் நான். அவர்கள் தோரணத்துக்குக் கீழே நின்று கைகொடுப்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. முன்னால் காகிதக் கட்டுகளை வைத்துக்கொண்டு, அடையாளத்துக்கு மடித்த மூலைகளைத் தேடித் தேடிக் கேள்வி கேட்டார்கள். நடுவில் தலைவி உட்கார்ந்திருந்தார். மலாய்க்கார அம்மா. குரல் உயரவே இல்லை.

முதலில் எங்கள் மானேஜர். தொழிலாளர்கள் எல்லாரும் புதுத் திட்டத்தில் 'செராப்' செய்துகொள்ளப்படுவார்கள் என்று அவர் சொன்னார். தமிழில் மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். அவள், "உறிஞ்சிக்கொள்ளப்படுவார்கள்" என்று சொல்லிவிட்டு, தவறு என்று நாக்கைக் கடித்து, "உள்ளே எடுத்துக்கொள்வார்கள்" என்று திருத்தினாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் என் காதோரமாக, "மொதல்ல சொன்னதுதான் சரி. இன்னும் உறிஞ்சறதுக்கு என்ன இருக்குன்னு கேளு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்த்துக் கொட்டியது.

அடுத்து அதிகாரிகள். மின்சாரத்துக்கு ஒருவர், வியாபாரத்துக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர். அனுமதி கொடுத்தபோது இங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி ஏதாவது நிபந்தனை போட்டீர்களா என்று தலைவி கேட்டார். மின்சாரத்துக்காரர், மின்சாரத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை, ஆட்களைப் பற்றி வேலைப் பிரிவைத்தான் கேட்க வேண்டும் என்றார். வேலைப் பிரிவுக்காரர், இப்படி ஒரு திட்டம் இருப்பதே தமக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்றார். வியாபாரத்துக்காரர், முதலீட்டாளரைக் கட்டாயப்படுத்தும் வழக்கம் இல்லை என்றார். தலைவி திரும்பவும் முதலாமவரிடம் வந்தார். "மூன்று பேரில் யார்தான் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி யோசித்தது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மின்சாரத்துக்கார அதிகாரி பூப்போட்ட பத்தேக் சட்டையின் கழுத்தைத் தளர்த்தினார். காகிதத்தைப் புரட்டிய அவர் விரல் நடுங்கியது. மருந்துத் தொட்டியின் வார் நழுவிய அன்று என் விரல் நடுங்கியதும் அப்படித்தான். அவ்வளவு பெரிய அதிகாரிக்கும் கேள்விக்குப் பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அது எனக்குத் தைரியம் கொடுத்ததா என்றால் இல்லை. அவருக்கே இந்த நிலை என்றால் எனக்கு என்ன ஆகுமோ என்றுதான் நினைத்தேன். கடைசியில் அவர், எழுத்தில் பதில் தருகிறோம் என்றார். தலைவி அதைக் குறித்துக்கொண்டு, "அடுத்து, சக்சி" என்றார்.

என் பெயரைச் சொன்னார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கண் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றேன்.

மொழிபெயர்க்கும் பெண் விழித்தாள். பிறகு சமாளித்து, சாட்சி எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார் என்றாள். நான் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினேன். இங்கேயே பிறந்ததைச் சொன்னேன். குலை வெட்டியதையும் தோள் போனதையும் சொன்னேன். நிலத்தை அளக்க ஆட்கள் வந்தபோது லயத்தில் எல்லாரும் கதவோரம் நின்று பார்த்ததைச் சொன்னேன். வேலை போனால் வீடும் போகும் என்பதைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. அதற்குமேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. நாக்குக்குத்தான் தெரிந்திருந்தது.

"இதுவரைக்கும் காத்தாரு. இப்ப ஒரு குறையும் இல்ல. நன்றி."

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். மலாயில் அது எப்படிக் கேட்டது என்பதை என்னால் மறக்க முடியாது. சாட்சிக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை, நன்றி தெரிவிக்கிறார். மானேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வியாபாரத்துக்கார அதிகாரி முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு ஏதோ எழுதினார். தலைவி மட்டும் எழுதவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் தொழிலாளர்களுக்குத் திருப்திதான். வேலை உறுதியாகிவிட்டது. அப்படித்தானே?"

யா, ஆமாம், என்று சொன்னால் போதும். எழுந்து வந்துவிடலாம். கிராணி சொன்னதும் மனைவி சொன்னதும் அதுதான். எனக்கு இடது பக்கமாகக் கிராணியின் முகம் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னால் நண்பன் இருமினான். அது உண்மையான இருமலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சபையில் சொன்ன வார்த்தையேதான் இது. அங்கே சொன்னபோது கேட்டவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், எழுதி வைத்துக்கொள்ள யாரும் இல்லை. இங்கே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பெலும்" என்றேன்.

மலாயில் பெலும் என்றால் இன்னும் இல்லை. மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே வார்த்தை அதுதான்.

"என்ன பெலும்?"

"வேலை உறுதியாகலிங்க. எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

"குறை இல்லை, நன்றி என்று இப்போதுதானே சொன்னீர்கள்?"

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளிடம்தான் என்னால் சொல்ல முடிந்தது. "அம்மா, அது சர்ச்சுல சொல்லிப் பழகின வார்த்த. சாட்சின்னா அப்படித்தான் முடிக்கணும்னு வந்துருச்சு. நன்றி சொன்னது ஆண்டவருக்கு. கம்பெனிக்கு இல்ல."

அவள் அதை மலாயில் சொன்னதும் ஒரு வைபி சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மானேஜர்கூடச் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் நின்றது. தலைவி சிரிக்கவில்லை. மானேஜர் பக்கம் திரும்பி, செராப் என்று சொன்னீர்களே, எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு, யார் சம்பளம் கொடுப்பது என்று கேட்டார். சோலார் கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார் மானேஜர். "அப்படியானால் அதுவும் பெலும்" என்றார் தலைவி. நான் எழுந்து வர அனுமதி கேட்டேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று மாலை பசாரில் கறிகாய் வாங்கும்போதே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "வாங்க பெலும்" என்றார் மீன்காரர். "மீனு வாங்கியாச்சா? பெலுமா?" நண்பன் போகுமிடமெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. வீட்டில் மனைவி ஒரு வாரம் என்னோடு அதிகம் பேசவில்லை. பேசியபோது, "சொன்னது தப்புன்னு சொல்லல. ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு ஒன்றாகப் பயந்தோம். அது கொஞ்சம் இலேசாக இருந்தது.

கமிட்டியின் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனது. தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்திருந்ததைக் கிராணி காட்டினார். இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு வேலையை உறுதி செய்வதை நிபந்தனையாக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அரசாங்கம் அதைப் பரிசீலிக்கும் என்று அடுத்த வரியில் இருந்தது. பரிசீலிப்பது என்றால் எவ்வளவு காலம் என்று கிராணியிடம் கேட்டேன். கைகளை விரித்தார்.

கீழ்ப்பிரிவில் மரங்களை இயந்திரம் வைத்துத் தள்ளினார்கள். நிலம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. ஆற்றங்கரை வரை ஒரு நிழல் இல்லை. பிறகு இரும்புக் கால்களும் அவற்றின்மேல் கறுப்புக் கண்ணாடிப் பலகைகளும் வரிசை வரிசையாக வந்தன. பலகைகளுக்குக் கீழே புல் வளராமல் வெட்டவும் பலகைகளைக் கழுவவும் ஆட்கள் எடுத்தார்கள். சோலார் கம்பெனி நேராக எடுக்கவில்லை. ஒரு காண்ட்ராக்டர் எடுத்தார். மாதத்துக்கு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. என்னை எடுத்தார்கள். நண்பனை எடுக்கவில்லை. நான் பேசியதால் எடுத்தார்களா, பேசியும் எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. அவன் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு லோபாக்கில் மகள் வீட்டுக்குப் போனான். சாமான்களை ஏற்றும்போது, "பாத்துக்க மச்சான், வெயில்ல கருகிடப் போற. ஏற்கனவே அடுப்புக்கரி மாதிரி இருக்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினான்.

இப்போது என் வேலை அந்தப் பலகைகளுக்கு நடுவில். மேற்பார்வையாளர் ஒரு சீனப் பையன், மரியாதையாகத்தான் பேசுவான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவன் கைப்பேசி அடித்தால் நான் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன். அடுத்த மாதமும் வாங்க என்று சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். வீடு இன்னும் இருக்கிறது. மாதக் கடைசி வரை இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

போன வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அன்று மொழிபெயர்த்த அதே பெண்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கீங்களா? அரசாங்கம் கொடுத்த பதில் கமிட்டிக்குத் திருப்தியா இல்ல. அதிகாரிங்கள மறுபடி கூப்பிடறாங்க. இந்தத் தடவை நாடாளுமன்றத்துலயே. நீங்களும் வரணும்னு தலைவி கேக்கறாங்க. வேலை எப்படிக் கெடைச்சுது, எத்தன மாசத்துக்குன்னு சொன்னா போதும்."

"நான் வந்தா இங்க..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"கட்டாயம் இல்ல ஐயா. வர முடியலைன்னா அவங்க புரிஞ்சுக்குவாங்க" என்றாள். அவள் குரலில் கபடம் இல்லை. அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நான் போகாவிட்டால், எங்களை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று யாரோ ஒருவர் அங்கே சொல்வார். அதற்கு ஆள் காட்டச் சொன்னால் என்னைத்தான் காட்டுவார்கள். என் பெயர் கம்பெனிப் பக்கத்துக்குச் சாட்சியாகிவிடும்.

மனைவியிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்தாள். "எந்தச் சட்டய போட்டுட்டுப் போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுக் காலை மேற்பார்வையாளரின் அலுவலகத்துக்குப் போனேன். அது கப்பலில் சரக்கு வரும் ஒரு பழைய இரும்புப் பெட்டி. கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு தரம் திரும்பி நடந்தேன். வியாழக்கிழமை லீவு வேண்டும் என்று மலாயில் சொன்னேன்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அவன் கேட்டான்.

மனைவிக்கு என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"நாடாளுமன்றத்துக்குப் போகணும். கூப்பிட்டிருக்காங்க. இந்த வேலையப் பத்திக் கேக்கறாங்க."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக அவன் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"லீவு எடுத்துக்குங்க அங்கிள். அடுத்த மாதத்தைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அது மேலே முடிவு செய்வது."

சரி என்றேன். நன்றி சொல்லவில்லை. இயந்திரத்தை எடுத்துக்கொண்டு என் வரிசைக்குப் போனேன். வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று மாலை வரை நிற்காமல் வெட்டினேன். வேலி ஓரம்வரை ஒரு புல் விடவில்லை.